இரண்டு வால்வுக்கும் ஒரே கள்

பன்றித் தலை சிரித்துக்கொண்டிருந்தது.

சிரிக்கிற தலையாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி சந்தைக்கு ஆள் அனுப்பியதே பியன் சங்மோதான். சுளித்த முகத்தோடு வெந்த தலை ராசியில்லை என்பது கப்பல் கட்டும் கோஜே தீவில் வெல்டிங் பிடிக்கிறவனிலிருந்து கிரேன் ஓட்டுகிறவன் வரை எல்லோருக்கும் தெரியும். மேசை மேல் தலை, பக்கத்தில் பேரிக்காய், ஆவி அடங்காத அரிசிக் கேக், வெள்ளை நூல் சுற்றிய காய்ந்த மீன். மேசைக்குப் பின்னால் ஆறு மாடி உயரத்துக்கு மஞ்சள் இரும்பு. கடலுக்குப் போகவேண்டிய எரிவாயு மேடை. பனிக்காலம் முற்றுவதற்குள் ஒரு மிதவையின் முதுகில் ஏறித் தெற்கே புறப்பட்டுவிடும். அதற்கு முன்னால், முதல் முறையாக அதன் குழாய்களுக்குள் அழுத்தம் ஏறப்போகிறது. அழுத்தம் ஏறுவதற்கு முன் பூசை போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தொழிலாளியும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டான்.

ஓக் டோன்சூ மூன்றாவது வரிசையில் நின்றான். முதல் வரிசையில், புது ஹெல்மெட்டில், புது மேனேஜர் சங்மோ. இருவரும் ஒரே நாள் இந்த யார்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் நூடுல்ஸ் கிண்டி, ஒருவன் சாக்ஸை இன்னொருவன் போட்டுத் திரிந்தவர்கள். போன மாதம்வரை "டேய்" என்று கூப்பிட்டவனை இப்போது நாலு பேர் எதிரில் "மேனேஜர் சார்" என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த "சார்" தொண்டையில் மீன் முள்ளைப் போல நின்று, பிறகுதான் இறங்கியது.

எல்லோரும் மண்டியிட்டுக் கும்பிட்டு எழுந்ததும் சங்மோ பித்தளைக் கெட்டிலை எடுத்தான். உள்ளே மக்கொல்லி. பால் நிறத்தில் கலங்கிய அரிசிக்கள். பூசையை நடத்துகிறவன் இயந்திரத்தின் காலடியில் கொஞ்சம் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் வழக்கம். முந்தைய மேனேஜர்கள் பேன்ட்டில் தெறிக்காமல் நாலு சொட்டு விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். சங்மோவோ ஏணியில் ஏறினான். முதல் வால்வின் தலையில் தாராளமாகக் கவிழ்த்தான்.

"அண்ணன் குடிக்கிறப்ப தம்பி வாயைப் பார்த்துக்கிட்டு நிப்பானா?" என்று சொல்லி இரண்டாவது வால்வின் தலையிலும் கவிழ்த்தான்.

யார்டே சிரித்தது. "மேனேஜர் சார், எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

டோன்சூ சிரிக்கவில்லை. அவன் கண் கெட்டிலின் மூக்கில் இருந்தது. அதிலிருந்து விழுந்த வெள்ளை ஒழுக்கு, வால்வின் முதுகில் உள்ளங்கையளவு இருந்த கம்பிவலை மேல் விழுந்து, உள்ளே இறங்கியது. வலைக்கு மேல் இருக்கவேண்டிய மழைமூடி பெயின்ட் அடிக்கப் போயிருந்தது. இரண்டு வால்விலும்.

அந்த வலை என்ன செய்யும் என்று, அந்த வால்வுகளைக் கோத்த இன்ஜினியரான அவனைவிட அந்தக் கூட்டத்தில் நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. கடலடிக் கிணற்றிலிருந்து வாயு வரும் வேகத்துக்கு முன்னால் கரைக்குப் போகும் குழாய் வெறும் தோல். அந்தத் தோலைக் காப்பாற்றத்தான் இந்த அமைப்பு. மூன்று உணர்விகள் எந்நேரமும் அழுத்தத்தை முகர்ந்துகொண்டிருக்கும். மூன்றில் இரண்டு "ஆபத்து" என்று சொன்னால் போதும், மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. உடனே வால்வைத் திறந்து பிடித்திருக்கும் காற்று அந்த வலை வழியாக ஒரே மூச்சில் வெளியேறும். பிடி விட்டதும், யானைக்கால் தடிமனுள்ள ஒரு ஸ்பிரிங் வால்வை அறைந்து மூடும். ஒன்று ஏமாந்தால் இன்னொன்று பிடிக்கட்டும் என்று வரிசையாக இரண்டு வால்வுகள். இரண்டு காவல்காரர்கள். இப்போது இருவருக்கும் ஒரே கெட்டிலிலிருந்து கள் வார்த்தாகிவிட்டது.

"காஞ்சா பசை மாதிரி ஆயிடுமே," என்று வாய்வரை வந்தது. வரிசை நகர்ந்தது. டோன்சூ போய்ப் பன்றியின் முன் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, நிதானமாகக் கும்பிட்டு எழுந்தான்.

*

சாயங்காலம் கடை முழுக்க அவர்கள் துறைதான். பன்றி வயிற்றுக்கறி வாணலியில் பொரிய, சங்மோ மேசை மேசையாகப் போய் எல்லோர் கோப்பையிலும் ஊற்றினான். டோன்சூவின் முறை வந்தபோது டோன்சூ இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் குடித்தான். பெரியவர்கள் முன் குடிக்கிற முறை. சங்மோ அவன் தோளில் ஓங்கி அடித்தான்.

"இதெல்லாம் எங்கிட்ட வேணுமாடா? நாம என்ன புதுசாவா பழகறோம்?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல, மேனேஜர் சார்."

"மயிரு மரியாதை." சங்மோ அவன் காதருகே குனிந்தான். குரல் இறங்கியது. "உண்மையச் சொல்றேன் டோன்சூ. இந்த நாற்காலி உனக்கு வந்திருக்கணும். மேல இருக்கறவங்களுக்குப் பேசத் தெரிஞ்சவன்தான் கண்ணுக்குத் தெரியறான். உன்னைப் பார்க்கறப்பலாம் எனக்கே கூச்சமா இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மேனேஜர் என்ற திமிரில் முறைத்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திட்டித் தீர்த்திருப்பான். இது பரிதாபம். நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கீழே நிற்கிறவனைப் பார்த்து, பாவம் என்று சொல்வது. டோன்சூ சிரித்தான். கறித்துண்டு ஒன்றைக் கீரை இலையில் சுருட்டி சங்மோவின் வாயில் ஊட்டிக்கூட விட்டான். பக்கத்து மேசைக்காரர்கள் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அவன். மனைவி சுக்யோங் மேசையில் ஒரு பெரிய டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். இந்த வருடத்துப் புதுக் கிம்ச்சி. சங்மோவின் மனைவி கொடுத்தனுப்பியது.

"நெத்திலிச் சாறு போடறதுல அவங்க கை தனிங்க," என்றாள் சுக்யோங். "அவ்வளவு பெரிய ஆளாயிட்டாங்க, இன்னும் நம்மளை மறக்கலை பாருங்க."

"நாம எப்ப அவ்வளவு சின்ன ஆளானோம்?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? வாயில வெச்சுப் பாருங்க."

வாயில் வைத்தான். வேண்டுமென்றே மோசமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டான். இல்லை. முட்டைக்கோஸ் நறநறவென்று, உப்பும் காரமும் அளவாக, முதுகெலும்புவரை இறங்குகிற ருசி. சோற்றோடு பாதி டப்பாவைத் தின்று தீர்த்தான். தின்னத் தின்ன வயிறு எரிந்தது. மிளகாயால் மட்டுமல்ல.

*

மறுநாள் காலை ஏணியில் ஏறிப் பார்த்தான். அவன் நினைத்ததுதான். கள்ளின் அடிமண்டி வலைக் கண்களில் இறங்கிக் காய்ந்து, கஞ்சி போட்டு மடித்த துணியைப் போல விறைத்திருந்தது. நகத்தால் சுரண்டினான். வரவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொஞ்சம் வெந்நீரும் போதும். ஒரு காபி குடிக்கிற நேரத்து வேலை.

வால்வுகள் வெறுமனே மூடித் திறக்கும் சோதனையில் பூசைக்கு முன்பே தேறிவிட்டவை. தேறியதை மறுபடி யாரும் அசைத்துப் பார்க்கமாட்டார்கள். அடுத்து அவை அசையப்போவது மேடையை வாங்கப்போகும் கம்பெனியின் நார்வேக்காரர் ஹேகன் முன்னிலையில், நிஜ அழுத்தத்தில். அப்போது என்ன ஆகும் என்று டோன்சூ ஏணியிலேயே நின்று படம் ஓட்டிப் பார்த்தான். கண் சிமிட்டும் நேரத்தில் அறைந்து மூடவேண்டிய வால்வு, தூக்கக் கலக்கத்தில் கதவு சாத்துகிற கிழவனைப் போல மெல்ல நகரும். ஹேகனின் வெள்ளைப் புருவம் ஏறும். சங்மோவின் நெற்றி வேர்க்கும். வாய்ப்பேச்சில் வாழ்கிறவன் வாயடைத்து நிற்பான். டோன்சூ சாவகாசமாக எழுந்துபோய், மூடியைக் கழற்றி, "இதுதான் விஷயம்" என்பான். யாருக்கும் காயம் படாது. சோதனைக்கு நைட்ரஜன் அடைத்த இரும்புக் குப்பிகளில் சின்னத் தொகுதிதான் வைப்பது வழக்கம், அதிலிருக்கும் வாயு முழுக்கப் புகுந்தாலும் வால்வுக்கு அந்தப் பக்கக் குழாய் தாங்கும். கணக்கு சரி. மானம் மட்டும்தான் வெடிக்கும்.

"ஓக் தம்பி! அங்க என்ன தவம்?"

கீழே பெயின்ட் பிரிவு ஃபோர்மன் பான் அக்கா. முகத்தைச் சுற்றித் துண்டு, கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மழைமூடிகள்.

"மூடி காஞ்சிடுச்சு. மாட்டிடட்டுமா?" ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தாள். "அய்ய, வலை பூரா வெள்ளையாப் படிஞ்சு கிடக்குதே. தொடைக்கட்டா? பூசைக் கள்ளாச்சே, முதல் ஓட்டத்துக்கு முன்னாடி தொடைச்சா ராசி போயிடும்பாங்க. நீ சொல்லு."

கடலிலிருந்து வந்த காற்றில் பெயின்ட் வாடை. டோன்சூ ஒரு கணம் அவள் இடுப்பில் செருகியிருந்த ஈரத் துணியைப் பார்த்தான்.

"ராசியைக் கெடுக்க வேணாங்க்கா," என்றான். "அப்படியே மாட்டிடுங்க."

*

சோதனை நாளன்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மேடையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி எல்லோரையும் வெளியேற்றியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே ஒரு கன்டெய்னர், அதுதான் தற்காலிகக் கட்டுப்பாட்டு அறை. உள்ளே டோன்சூ. அவன் கைக்கருகே நைட்ரஜனை ஏற்றும் குமிழ், எதிரே திரை, திரையில் மூன்று உணர்விகளின் எண்கள், ஒன்றையொன்று நம்பாத மூன்று சாட்சிகளைப் போல. அவன் இரவு நன்றாகவே தூங்கியிருந்தான். சவரம்கூடச் செய்திருந்தான்.

குமிழைத் திருகினான். அழுத்தம் ஏறத் தொடங்கியது.

பான் அக்கா காபிக் கோப்பையோடு உள்ளே வந்து ஹீட்டர் பக்கத்தில் கையை நீட்டினாள். "குளிர் கொல்லுது. அந்த வெள்ளைக்காரனுக்குச் சின்னக் குப்பியெல்லாம் பத்தாதாம். கிணறு எப்படித் தள்ளுமோ அப்படியே தள்ளிக் காட்டுன்னு சொல்லி, விடியக்காலையில லாரி நிறையக் குப்பி கொண்டாந்து கோத்துட்டாங்க. பார்க்கலை நீ?"

டோன்சூவின் விரல் குமிழின் மேல் நின்றது.

"யாரு ஒத்துக்கிட்டது?"

"வேற யாரு, உன் ஃப்ரெண்டுதான். என் ஆளுங்க செஞ்ச வேலை தாங்கும்னு மார்தட்டினாரு. பூசை பண்ணவன் முதல் ஓட்டத்துல பக்கத்துல நிக்கணும்னு சாஸ்திரம் வேற இருக்குல்ல? போன மேனேஜருங்கள்லாம் கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்துட்டு ஓடிவந்துடுவாங்க. இவரு நிஜமாவே போய் நிக்கிறாரு. ஹேகன் கத்திப் பார்த்தாரு, கேக்கலை. கடைசில ஒரு இரும்புத் தட்டியை முன்னால வெச்சுக்கன்னு சொல்லி விட்டுட்டாரு."

வாக்கி-டாக்கி கரகரத்தது. சங்மோவின் குரல், காற்றோடு கலந்து: "வால்வு பக்கத்துல இருக்கேன். ஓக் இன்ஜினியர் கோத்த சாமான், எனக்கென்ன பயம்? ஏத்துங்க, ஏத்துங்க."

எண்கள் ஏறின. சின்னக் குப்பிகளுக்குப் போட்ட கணக்கு லாரி நிறைந்த குப்பிகளுக்குச் செல்லாது. வால்வு சோம்பினால் அந்தப் பக்கக் குழாய் கிழியும். கிழிந்தால் முதலில் பறப்பது அந்தத் தட்டி. டோன்சூவுக்கு எல்லாம் ஒரே நொடியில் தெரிந்தது. ஆனால் அவனுக்கு முதலில் தோன்றியது அதல்ல. அதைத்தான் அவன் பிற்பாடு எவரிடமும் சொல்ல மாட்டான். முதலில் தோன்றியது அலுவலக முகப்பில் ஒரு பெரிய படம். கறுப்பு நாடா. வெள்ளைச் சாமந்திப் பூக்கள். படத்தில் சங்மோவின் சிரிப்பு. தன் ஆட்களின் வேலையை நம்பி உயிரைக் கொடுத்த மேனேஜர். வருடா வருடம் அந்த நாளில் டோன்சூ அதன் முன் மண்டியிட வேண்டும். சுக்யோங் அழுவாள். சாகும்வரை அவனை எட்டிப் பிடிக்கவே முடியாது. செத்தும் அவன் மேலே போய்விடுவான்.

இதையா நினைக்கிறேன்? இந்த நேரத்தில் இதையா?

கை தானாகக் குமிழை மூடியது. இன்னொரு கை வாக்கி-டாக்கியைப் பிடுங்கியது.

"டேய் சங்மோ! வெளிய வாடா! எருமை, ஓடுடா வெளிய!"

யார்டில் இருந்த அத்தனை வாக்கி-டாக்கிகளிலும் அது கேட்டது. கிரேனின் உச்சியில் கேட்டது. பெயின்ட் கூடாரத்தில் கேட்டது. பான் அக்கா காபியைத் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டாள். திரையில் எண்கள், வால்வுக்குக் கட்டளை போகும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, தயங்கி நின்றன.

*

அழுத்தம் முழுக்க இறங்கியபின் சங்மோதான் ஏணியில் ஏறினான். டோன்சூ கீழே நின்று, "வலையைப் பாருங்க, மேனேஜர் சார்" என்று மட்டும் சொன்னான். சங்மோ மூடியைக் கழற்றினான். விரலால் சுரண்டினான். விரலை மூக்கருகே கொண்டுபோனான். இரண்டாவது வால்வுக்குப் போய் அங்கேயும் அதையே செய்தான். அவன் இறங்கி வந்தபோது முகம் ஈயம் பூசியது போல இருந்தது. நேராக ஹேகனிடம் போனான்.

"தப்பு என்னோடது," என்றான், தன் உடைந்த ஆங்கிலத்தில். "பூசையில நான்தான் ஊத்தினேன். ரெண்டுலயும். இப்ப ஏத்தியிருந்தா ரெண்டுமே மூடியிருக்காது."

ஹேகன் வால்வையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி சங்மோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எத்தனையோ கடல்களில் எத்தனையோ மேடைகளைப் பார்த்தாயிற்று, வாடிக்கையாளர் முன்னால் தன் தப்பைத் தன் வாயால் சொன்ன மேனேஜரைப் பார்ப்பது அபூர்வம் என்றார். இந்த யார்டை நம்பலாம் என்று எழுதுவேன் என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

டோன்சூவும் தட்டினான். தப்பு செய்ததற்கும் அவனுக்கே கைதட்டல். நிறுத்தியவன் யார்? ஓடிவாடா என்று கத்தியவன் யார்? கூட்டத்தில் ஒருவன் அவன் விலாவில் இடித்து, "மேனேஜரையே எருமைன்னுட்டீங்களே அண்ணே, போனஸ் கோவிந்தா!" என்று சிரித்தான். அவ்வளவுதான் அவன் பங்கு. ஒரு வேடிக்கை. பழைய எரிச்சல் மறுபடி நெஞ்சுக்குள் புகுந்து, தன் வழக்கமான இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தது. ஒரு ஆளைச் சாவிலிருந்து இழுத்த கையோடு அவன்மேல் பொறாமைப்பட முடிகிறது என்பது அவனுக்கே அதிசயமாக இருந்தது.

அப்போதுதான் பான் அக்கா, ஈரமான மடியை உதறிக்கொண்டே, வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"மேனேஜர் சார், ஓக் தம்பி மேல கோவிச்சுக்காதீங்க. உங்க மேல அதுக்கு உசுரு. மூடி மாட்டறப்பவே வலை வெள்ளையா இருக்குன்னு காட்டினேன், தொடைக்கட்டான்னு கேட்டேன். உங்க பூசை ராசி கெட்டுடும், தொடாதீங்கன்னுட்டாரு. அவ்வளவு பக்தி!"

கூட்டம் இன்னொரு முறை சிரித்தது. சங்மோவும் சிரிப்பதற்கு உதட்டைத் திறந்தான். திறந்த உதடு அப்படியே நின்றது. கண்கள் மட்டும் மெல்லத் திரும்பி டோன்சூவிடம் வந்தன. அந்த வலை அடைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் இந்த யார்டில் யார் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்படியா," என்றான் சங்மோ, பான் அக்காவிடம். "சரி. வெந்நீர் கொண்டுவரச் சொல்லுங்க."

இரண்டு பேரும்தான் கழுவினார்கள். ஆளுக்கொரு வால்வு. வேறு யாரையும் சங்மோ ஏற விடவில்லை. பிரஷ்கள் வலையில் சரசரவென்று உரசின. வெள்ளைத் தண்ணீர் இரும்புத் தூணில் வழிந்து, தரைச் சல்லடை வழியாகக் கீழே எங்கோ சொட்டியது. முடித்ததும் சங்மோ தன் வலையை வெளிச்சத்துக்குத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, டோன்சூவின் வலையையும் வாங்கி, அதையும் வெளிச்சத்துக்குத் தூக்கி, அதைவிட அதிக நேரம் பார்த்தான்.

"குப்பியைக் குறைச்சிரலாமா?" என்று கேட்டான் டோன்சூ.

"வேணாம். அதே குப்பிதான். ஹேகன் காத்துக்கிட்டு இருக்காரு." சங்மோ கையைத் துடைத்துக்கொண்டான். "பூசைக்கு நீயும்தானே கும்பிட்ட?"

"கும்பிட்டேன்."

"அப்ப இந்தத் தடவை நீ நில்லு. குமிழை நான் பார்த்துக்கறேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டோன்சூ மறுத்திருப்பான். கடை மேசையில் கேட்ட அந்தப் பரிதாபமும் இல்லை. வேறு எதுவும் இருந்ததா என்று தேடிப் பார்த்தான். சங்மோ அதற்குள் ஏணியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

இரும்புத் தட்டியின் நடுவில் தடித்த கண்ணாடி பதித்த ஒரு குறுகிய திறப்பு. டோன்சூ அதன் பின்னால் நின்றான். தட்டிக்கு அப்பால் வால்வுகள். வலப்புறம் திரும்பினால், கயிற்றுக்கு வெளியே, கன்டெய்னரின் ஜன்னல். பிற்பகல் வெயில் அதில் விழுந்து கூசியது. கையால் மறைத்துப் பார்த்தபோது சங்மோவின் தலை தெரிந்தது. அழுத்தம் காட்டும் திரை ஜன்னல் பக்கம் இல்லை என்று டோன்சூவுக்குத் தெரியும். சங்மோ திரையைப் பார்க்கவில்லை; ஜன்னல் வழியாக இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாக்கி-டாக்கி ஒருமுறை கரகரத்து, யாரும் பேசாமல் அடங்கியது.

பிறகு குழாய்க்குள் சீறல் எழுந்தது. நைட்ரஜன் வரும் தடித்த ரப்பர் குழாய் ஒருமுறை துள்ளிப் படுத்தது. குப்பிகள் இருந்த முனையில், அதன் கறுப்புத் தோலின் மேல், வேகமாகப் பாயும் வாயுவின் குளிரில் உறைபனி பூக்க ஆரம்பித்தது. ஒரு சாண். இன்னொரு சாண். யாரோ கையில் மாவோடு தடவிக்கொண்டே வருவது போல அந்த வெண்மை அவன் நின்ற பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது.